கூடை இல்லாத தராசு

போன மாதம் உங்கள் ஆள்சேர்ப்பு முகாமைப் பார்க்க வந்திருந்தேன். அழைத்ததற்கு நன்றி, நிழலில் நாற்காலி போட்டதற்கும் நன்றி. இரண்டு குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஒன்று, தண்ணீர்ப் பானைக்கு மூடி இல்லை. இரண்டு, அலுவலக அறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஓர் இரும்புத் துண்டை முட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். அதில் என் வலது கால் கட்டைவிரலை இடித்துக்கொண்டேன். நகம் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. அந்த இரும்பைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்க எனக்குத் தெரியாது. எண்ணினேன். எடை பார்க்கும் இடத்தில் அரை மணி நேரத்தில் பதினான்கு பேரைத் திருப்பி அனுப்பினீர்கள். எடை குறைந்தவர்கள் இரண்டு பேர். மீதிப் பன்னிரண்டு பேரும் எடை கூடியவர்கள். வெளியே வந்த ஒரு பையன் சுவரோரமாக நின்று சட்டைப் பொத்தானைப் போட முயன்றுகொண்டிருந்தான். அவனைப் பார்த்து உங்களில் இருவர் சிரித்தீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் காலத்தில் எல்லாம் நேர்மாறு. 'எடை குறைவு' என்று ஒரு ரப்பர் முத்திரை வைத்திருந்தோம். அடித்து அடித்து முதல் எழுத்து தேய்ந்துவிடும், ஆண்டுக்கு ஒரு முறை புதிது செய்யக் கொடுப்போம். 'எடை அதிகம்' என்பதற்கு முத்திரையே கிடையாது. அட்டவணையில் அதற்கு ஒரு பத்தி இருந்தது. வேலைக்குச் சேர்ந்து பதினெட்டு மாதம் வரை அந்தப் பத்தியின் மேல் என் விரல் பட்டதில்லை.

டீ குடிக்கும்போது உங்களில் ஒருவர் கேட்டார்: "சார், நாளைக்கே எல்லாரும் கட்டாயம் பட்டாளத்துல சேரணும்னு சட்டம் வந்தா, இந்தப் பசங்கள வெச்சிக்கினு நாம இன்னா சார் பண்றது?" அப்போது என் பிஸ்கட்டில் எறும்பு இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சட்டம் நம் நாட்டில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் அது வரப்போகிறது என்ற வதந்தி மட்டுமே ஒரு பையனை எவ்வளவு பருக்க வைக்கும் என்று எனக்குத் தெரியும். நானே அவனை எடை பார்த்தேன். தப்பாகப் பார்த்தேன்.

அறுபதுகளின் பிற்பகுதி. பாகிஸ்தானுடன் நடந்த சண்டை முடிந்திருந்தது. காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு நாள் முகாம். காலை எட்டு மணிக்குத் தொடங்கி மாலை நான்குக்கு மூட வேண்டும். எடை எழுதும் குமாஸ்தா நான். தகுதிகாண் பருவம் முடிய இன்னும் ஆறு மாதம் இருந்தது. சென்னையிலிருந்து லாரியில் வந்த எங்கள் தராசு, இறக்கும்போதே உள்ளே சுருள்வில் உடைந்து கிடந்தது.

எங்கள் ராணுவ டாக்டர் மதுரைப் பக்கத்துக்காரர், மேஜர், அதிகம் பேசமாட்டார். உடைந்த தராசை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார்.

"இது உங்க ஊருதானே?"

"ஆமா சார்."

"அப்ப எட்டு மணிக்குள்ள ஒரு தராசு வந்துரும்."

என் வீடு பிள்ளையார்பாளையம். தெருவெல்லாம் பட்டுத் தறி. ஆளை நிறுத்தி எடை பார்க்கும் அளவுக்குப் பெரிய தராசு அங்கே ஒரே இடத்தில்தான் இருந்தது, எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி பாக்கியத்தம்மாள் நடத்திய சாயப்பட்டறையில். கணவர் போன பிறகு அவர்தான் பட்டறையைப் பார்த்துக்கொண்டார். சாயத் தொட்டிக்குப் பக்கத்தில் தராசு நின்றது. கீழே இரும்புப் பலகை, மேலே வட்ட முகத்தில் முள். பலகையின் மேல் இரும்பு அடி போட்ட பெரிய பிரம்புக் கூடை ஒன்று இருந்தது. நனைந்த பட்டு நூலை அதில் போட்டுத்தான் எடை பார்ப்பார்கள்.

"இன்னாபா, பட்டாளத்துல ஒரு தராசுகூடவா இல்ல?" என்றார் பாக்கியத்தம்மாள். "எடுத்துக்கினு போ. சாயங்காலம் திரும்பி வந்துரணும். நாளைக்கு எனக்கு நூல் எறங்குது."

நான் கவனமானவன். குனிந்து முள்ளைப் பார்த்தேன். பூஜ்யத்தில் நின்றது. மறுபடி பார்த்தேன், பூஜ்யம். மூன்றாவது முறையும் பார்த்துவிட்டுத்தான் தூக்கச் சொன்னேன். இரண்டு ஆட்கள் கூடையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, தராசைக் கைவண்டியில் ஏற்றினார்கள். மைதானத்தில் இறக்கியதும் நான்காவது முறை பார்த்தேன். அப்போதும் பூஜ்யம். நெற்றியைத் துடைத்துக்கொண்டு முதல் ஆளைக் கூப்பிட்டேன்.

வந்தவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர். பெரும்பாலும் நெசவாளர்கள், சிலர் சுற்று ஊர்ப் பையன்கள். தறியில் உட்காருகிறவர்களுக்குக் கை முறுக்கிய கயிறுபோல இருக்கும், உடம்பில் சதை இருக்காது. முத்திரையை வைத்து டப் டப்பென்று அடித்துக்கொண்டே இருந்தேன். கன்னியப்பன் என்று ஒரு நெசவாளி. அவன் உயரத்துக்கு ஐம்பது கிலோ வேண்டும். முள் நாற்பத்தெட்டில் நின்றது.

"சார், நேத்துகூட அம்பத்தொண்ணு இருந்தேன் சார்!"

"எங்க பார்த்தே?"

"சாயப்பட்டறையில சார். கூடையில ஏறி நின்னு பார்த்தேன்."

வரிசை முழுக்கச் சிரித்தது. "கூடையில நின்னா கத்திரிக்காகூட எடை கூடும்டா!" என்று பின்னால் யாரோ கத்தினான். நானும் சிரித்துக்கொண்டே முத்திரை அடித்தேன். அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாமே இருந்தது. அவன் என் தவறை என் முகத்துக்கு நேரே எடுத்துச் சொன்னான், நான் சிரித்துக்கொண்டிருந்தேன். சிரிக்கும்போது காது கேட்பதில்லை. போன மாதம் சுவரோரம் நின்ற பையன் உங்களிடம் ஏதோ சொல்ல வந்தான், கவனித்தீர்களா?

பதினொரு மணி சுமாருக்கு வரிசையில் சத்தம் கிளம்பியது.

"நெய் பட்டாளம் வருது, வழி உடுங்கடா!"

"தராச கெட்டியா புடிச்சுக்கோங்க சார்!"

வந்தவன் ஏகாம்பரம். பாக்கியத்தம்மாளின் ஒரே மகன், இருபத்து நான்கு வயது. சண்டை நடந்த நாட்களில் ஊருக்குள் ஒரு பேச்சு கிளம்பியது: வீட்டுக்கு ஓர் ஆளைக் கட்டாயமாகப் பட்டாளத்துக்குப் பிடிக்கப் போகிறார்கள், எடை கூடியவனை மட்டும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பாக்கியத்தம்மாள் ஒரு நாளையும் வீணாக்கவில்லை. காலையில் நெய் ஊற்றிய பொங்கல், மத்தியானம் நெய்ச் சாதம், சாயங்காலம் கோயில் இட்லி, அதற்கும் நெய். யாரும் பிடிக்க வரவில்லை. சண்டையும் முடிந்தது. ஏகாம்பரம் மட்டும் ஏறிய எடையோடு நின்றான். தெருவில் அவன் வயதுப் பையன்கள் இரண்டு பேர் உண்மையாகவே பட்டாளத்தில் சேர்ந்து போயிருந்தார்கள். இவனுக்கு 'நெய் பட்டாளம்' என்று பெயர் வைத்தார்கள். டீக்கடையில் அவனுக்கு டீ கொடுக்கும்போது, "நெய் போடட்டுமா?" என்று கேட்பார்களாம். அன்று வீட்டில் சொல்லாமல் வந்திருந்தான். வயது வரம்புக்கு இன்னும் நாலு மாதம்தான். அதற்குள் காஞ்சிபுரத்துக்கு இன்னொரு முகாம் கிடையாது.

அவன் தராசில் ஏறினான். அவன் உயரத்துக்கு அறுபத்தெட்டு கிலோவுக்கு மேல் கூடாது. வாழ்க்கையில் முதல் முறையாக அந்தப் பத்தியில் விரலை வைத்தேன். முள் ஆடி ஆடி அறுபத்தேழரையில் நின்றது.

"தகுதி," என்றேன். கூட்டம் ஓவென்று கத்தியது. அவன் மட்டும் இறங்காமல் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றான். பாவம், சந்தோஷத்தில் கால் வரவில்லை என்று நினைத்து, "இறங்குபா, பின்னாடி ஆள் நிக்கிது," என்று அதட்டினேன். நெஞ்சு, பல், பார்வை எல்லாவற்றிலும் தேறினான். டாக்டர் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சாப்பாட்டு நேரம். மைதானத்து வேப்பமரத்தடியில் டீ வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏகாம்பரம் வந்து நின்றான்.

"சார், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுபா."

"நான் எழுவதர கிலோ சார்."

"அறுபத்தேழரைன்னு நானே என் கையால எழுதினேன்."

"அது எங்க ஊட்டு தராசு சார். கூடை இல்லாம வந்துட்டுது."

எனக்குப் புரியவில்லை. அவன் பொறுமையாகச் சொன்னான். "அந்தக் கூடை மூணு கிலோ சார். தெனம் அத கழிச்சிக்கினு இருக்க முடியாதுன்னு, கூடையோட சேத்தே முள்ள பூஜ்யத்துல திருகி வெச்சிருக்கோம். கூடைய எடுத்துட்டா முள்ளு பூஜ்யத்துக்குக் கீழ போவணும். அங்க ஒரு ஆணி இருக்குது, அது தடுத்துக்கினு நிக்குது. பாக்கறதுக்கு பூஜ்யம் மாதிரியேதான் இருக்கும். காலையிலேர்ந்து எல்லாருக்கும் மூணு மூணு கொறச்சிக் காட்டுது சார். கன்னியப்பன் அம்பத்தொண்ணுதான்."

முள் பூஜ்யத்தில் நின்றது உண்மை. அதற்குக் கீழே போக இடமில்லாததால் நின்றது. நான்கு முறை பார்த்தேன் என்று சொன்னேனே, நான்கு முறையும் பூஜ்யத்தைத்தான் பார்த்தேன். எடை தெரிந்த ஒரு பொருளை ஒரு முறை அதன் மேல் வைத்துப் பார்த்திருந்தால் போதும். நெசவாளி வீட்டுப் பிள்ளை நான். சாயப்பட்டறைக்காரர்கள் கூடையைக் கழித்துத்தான் முள் வைப்பார்கள் என்பது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் சின்ன வயதிலிருந்தே தெரியும். பள்ளிக்கூடம், பரீட்சை, சர்க்கார் வேலை என்று போனதில் அது மறந்துபோயிருந்தது.

"ஏறி நின்னப்பவே தெரிஞ்சுதா உனக்கு?"

"தெரிஞ்சுது சார்." தலையைக் குனிந்துகொண்டான். "அப்பவே சொல்லியிருக்கணும். அறுவத்தேழரன்னு பாத்ததும் வாயே வரல."

மைதானத்துக்கு எதிரே மளிகைக்கடை. ஓடிப்போய் ஐந்து கிலோ இரும்புப் படிக்கல் ஒன்றை இரவல் வாங்கி வந்து தராசில் வைத்தேன். இரண்டு என்று காட்டியது.

தம்பிகளே, உங்களுக்கு இப்படி ஒரு நேரம் வரும். அப்போது மூளை வேகமாகக் கணக்குப் போடும். என் மூளை போட்ட கணக்கு இது: சத்தமில்லாமல் கூடையை வரவழைத்து, மத்தியானத்துக்கு மேல் சரியாக எடை பார்க்கலாம். காலையில் திரும்பிப் போனவர்களுக்கு எதுவும் தெரியப்போவதில்லை. கன்னியப்பன் தறியில் உட்கார்ந்திருப்பான். என் தகுதிகாண் பருவம் முடிந்துவிடும். ஏகாம்பரமும் பட்டாளத்தில் சேர்ந்துவிடுவான். யாருக்கும் நஷ்டமில்லை. கணக்கு அவ்வளவு சுத்தமாக வந்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. எங்கேயோ ஒரு கூடையை விட்டுவிட்டேன் என்று தோன்றியது. நிமிர்ந்து பார்த்தேன். ஏகாம்பரம் இன்னும் நின்றுகொண்டிருந்தான். உண்மை வெளியே வந்தால் மற்ற எல்லாருக்கும் லாபம், அவன் ஒருவனுக்குத்தான் நஷ்டம். அதைத் தெரிந்துகொண்டு சொன்னவன் எதிரே நிற்கும்போது, மறைக்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். டீயில் ஆடை படிந்திருந்தது. அப்படியே வைத்துவிட்டு டாக்டரிடம் போனேன்.

டாக்டர் முழுவதையும் கேட்டார். திட்டவில்லை.

"எத்தனை பேர்?"

சர்க்கார் பதிவேட்டில் முத்திரை மட்டும்தான் விழும், எண் எழுதத் தேவையில்லை. ஆனால் நான் என் சொந்த நோட்டில் ஒவ்வொருவர் எடையையும், ஊரையும், தெருவையும் எழுதுவேன். தலைமைக் குமாஸ்தா அதற்காக என்னைக் கேலி செய்யாத நாள் இல்லை. நோட்டைப் பிரித்தேன். எடை குறைவென்று அனுப்பியவர்கள் முப்பத்தேழு பேர். மூன்று கிலோவைக் கூட்டினால் தேறக்கூடியவர்கள்:

"பத்தொன்பது பேர் சார். எல்லாரும் பிள்ளையார்பாளையம்தான்."

டாக்டர் ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினார். "உங்க வீட்டுத் தராசு. அதுல நீயே பாஸாகியிருக்க. வெளிய இருந்து பார்க்கிறவன் என்ன நினைப்பான்?"

"அதுக்கும் சேத்துதான் சார் சொல்றேன்."

டாக்டர் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து, குறுக்கே ஒரு கோடு இழுத்து, என்னிடம் நீட்டினார். முத்திரை இல்லையே, கையால்தான் எழுத வேண்டும். 'எடை அதிகம்' என்று எழுதினேன். பேனா இரண்டு முறை நின்றது. ஏகாம்பரம் எட்டிப் பார்த்து, "எழுத்து நல்லா இருக்குது சார்," என்றான். எனக்கு ஆறுதல் சொல்கிறானாம்!

"நாலு மணிக்கு மூடணும்," என்றார் டாக்டர். "பத்தொன்பது பேரை யார் கூட்டிட்டு வர்றது?"

"சைக்கிள் குடுங்க சார்," என்றான் ஏகாம்பரம். "அவங்க எல்லாருக்கும் நூலு எங்க பட்டறையிலதான் சாயம் ஏறுது. ஊடு ஊடா தெரியும்."

முதலில் கூடை வந்தது, சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வந்தான். கூடையைப் பலகையில் வைத்தோம், படிக்கல்லை உள்ளே வைத்தோம். ஐந்து. பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தறியை மனைவியிடம் விட்டுவிட்டு வந்தவர்கள், பாதி சாப்பாட்டில் எழுந்து வந்தவர்கள். எடை கேட்கிறார்கள் என்றதும் வழியில் வாழைப்பழம் வாங்கித் தின்றுகொண்டே வந்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது. வாசலில் கிடந்த தோல்கள் இருபத்தாறு.

பட்டாளத்தில் சேர வந்தவர்கள் ஒவ்வொருவராக நூல் கூடைக்குள் ஏறி நின்ற காட்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கன்னியப்பன் கூடைக்குள் நின்றுகொண்டு, காலையில் சிரித்தவர்களையெல்லாம் தேடித் தேடிப் பார்த்து, "கத்திரிக்கா அம்பத்தொண்ணு!" என்று கத்தினான். அன்று முழுவதும் சிரிக்காத டாக்டர் சிரித்துவிட்டார்.

பத்தொன்பதில் பதினேழு பேர் வந்தார்கள். ஒருவன் மனைவி சட்டையை ஒளித்து வைத்துவிட்டாள். இன்னொருவன் வேலூருக்குப் பஸ் ஏறிவிட்டான். எல்லாச் சோதனையும் முடிந்து தேறியவர்கள் பதினொரு பேர். ஏகாம்பரம் சைக்கிளில் ஆறு தடவை போய் வந்திருந்தான். சட்டையைப் பிழிந்தால் ஒரு செம்பு தண்ணீர் வரும்.

"சார், இப்ப ஒரு தடவ பாக்கலாமா?"

கூடைக்குள் ஏறினான். சரியாக எழுபது. அரைக் கிலோ குறைந்திருந்தது. கூட்டம் கை தட்டியது. காலையில் கேலி செய்த அதே கைகள்.

அந்த நேரம் பார்த்துத் தராசைக் கேட்டு வாங்க பாக்கியத்தம்மாள் வந்து சேர்ந்தார்.

"அடப்பாவி! நூலு கூடையில நின்னுக்கினு இன்னாடா பண்ற?"

விஷயத்தை யாரோ சொன்னார்கள். அவர் முகம் முதலில் வெளுத்தது, 'எடை அதிகம்' என்று கேட்டதும் மலர்ந்தது. "நான் ஊத்துன நெய்யிடா! உன்ன காப்பாத்துச்சு பாத்தியா?"

டாக்டர் தலையை உயர்த்தாமலே எழுதிக்கொண்டிருந்தார். "நெஞ்சு நல்லா இருக்கு, காலு நல்லா இருக்கு. எடை ஒண்ணுதான். அறுபது நாள் தவணை. அதுக்குள்ள சென்னை ஆபீசுக்கு வந்து, அறுபத்தெட்டுக்குக் கீழ காட்டினா எடுத்துக்கலாம்."

பாக்கியத்தம்மாள் என்னை முறைத்தார். "தராசு கேட்டியேன்னு குடுத்தா, புள்ளையையும் சேத்து கேக்கறியாபா நீ?" கைவண்டியோடு விறுவிறுவென்று போனார். கூடையை மறக்கவில்லை.

என் தகுதிகாண் பருவத்தை ஆறு மாதம் நீட்டினார்கள். டாக்டர் என்னைப் பற்றி எழுதிய குறிப்பில் இரண்டே வரி: தராசைச் சரிபார்க்கவில்லை. தவறைத் தானே வந்து சொன்னார். முதல் வரிக்கு ஆறு மாதம். இரண்டாவது வரி இல்லாதிருந்தால் நான் தறிக்குத் திரும்பியிருப்பேன். அந்த இரண்டாவது வரியில் பாதி ஏகாம்பரத்துடையது.

அவனுக்குக் கொடுத்த நாட்களை நானும் எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பதாவது நாள் வரவில்லை. ஐம்பதாவது நாள் வரவில்லை. அம்மா மறுபடி நெய்க் கிண்ணத்தை எடுத்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். ஐம்பத்தேழாவது நாள் காலை, சென்னை அலுவலகத்தில் என் மேசைக்கு முன்னால் ஒருவன் வந்து நின்றான். கன்னத்தில் எலும்பு தெரிந்தது. சட்டை யாருடையதோ போலத் தொங்கியது.

"தெனம் காலையில தாமல் ஏரிக்கர வரிக்கும் சைக்கிள்ல போய் வந்தேன் சார்."

"அம்மா சும்மா விட்டாங்களா?"

"எங்கம்மாதான் சார் இட்லிய எண்ணி வெச்சாங்க. நாலுக்கு மேல கேட்டா கரண்டி பறக்கும். அந்தப் பதினோரு ஊட்டுக்காரங்களும் ஒவ்வொருத்தரா வந்து எங்கம்மா கையப் புடிச்சிக்கினு, 'உம்புள்ள சொல்லாட்டி எம்புள்ளைக்கு வேல இல்லம்மா'ன்னு சொல்லிட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் அவங்களால இன்னா பண்ண முடியும்? டீக்கடையிலகூட இப்ப யாரும் நெய் போடட்டுமான்னு கேக்கறதில்ல சார்."

எங்கள் அலுவலகத்தில் புதுத் தராசு வாங்கியிருந்தோம். பளபளவென்று இருந்தது. "ஏறு," என்றேன்.

அவன் ஏறவில்லை. தோளில் இருந்த துணிப்பையைக் கீழே இறக்கி, அதிலிருந்து ஐந்து கிலோ படிக்கல் ஒன்றை எடுத்தான். பட்டறையிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறான்.

"மொதல்ல இத வைங்க சார்."

வைத்தேன். முள் ஐந்தில் நின்றது. இருவரும் குனிந்து பார்த்தோம். பிறகு அவன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான். அறுபத்தாறரை.

கல்லைத் திருப்பிக் கொடுத்தேன். "பட்டாளத்துல எனக்கு எதுக்கு சார்? உங்களுக்குத்தான் வேணும்," என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.

நான் ஓய்வு பெறும் வரை, எந்த ஊர் முகாமாக இருந்தாலும் முதல் ஆளுக்கு முன்னால் அந்தக் கல்தான் தராசில் ஏறியது. ஓய்வு பெற்ற அன்று அலுவலக அலமாரியில் வைத்து, பட்டியலில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வந்தேன். அதற்கப்புறம் அலமாரியை எத்தனை பேர் மாற்றினார்களோ தெரியாது. போன மாதம் அந்தக் கல்லில்தான் என் கட்டைவிரல் இடித்தது.

உங்களிடம் இப்போது முள் இல்லாத இயந்திரம் இருக்கிறது, சிவப்பு எண் மின்னுகிறது. அதிலும் பூஜ்யம் வரும், நான் பார்த்தேன். நாளைக் காலை முதல் பையனைக் கூப்பிடுவதற்கு முன்னால் கதவடியில் இருக்கும் கல்லை எடுத்துத் துடைத்து இயந்திரத்தின் மேல் வையுங்கள். ஐந்து காட்டினால் பையனை ஏறச் சொல்லுங்கள். எடை கூடியிருந்தால் கூடியிருக்கிறது என்று சொல்லி, எத்தனை நாளில் திரும்பி வரலாம் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். சட்டைப் பொத்தானை அவன் நிதானமாகப் போட்டுக்கொள்ளட்டும்.

கதவுக்கு ஒரு செங்கல் போதும்.